மண்டபத்துக்கு எதிரே மூலைக்கடை

விழுப்புரம், திண்டிவனம் என்ற இரண்டு ஊர்களில் ஒன்றில் நான் கவுன்சிலராக இருக்கிறேன். எது என்று சொல்லப் போவதில்லை. மற்ற ஊரில் என் கணவருக்கு வேலை. காலை ரயிலில் போய்ச் சாயங்கால ரயிலில் திரும்புகிறவர். இதை வைத்து யாரும் கண்டுபிடித்துவிட முடியாது. கண்டுபிடிக்கவும் வேண்டாம். இதில் வருகிறவர்கள் எல்லாரும் நல்ல ஆரோக்கியத்தோடு இருக்கிறார்கள். கடைத்தெருவில் என்னைப் பார்த்தால் நின்று பேசுகிறார்கள். அது அப்படியே தொடரட்டும்.

எங்கள் வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டபோது தெருக்காரர்கள் வந்து கேட்டது என் கணவரைத்தான். "சார், உங்க வீட்ல நிக்க வைங்க. மத்தத நாங்க பாத்துக்கறோம்" என்றார்கள். அவர் என்னைக் கூப்பிட்டு வாசலில் நிறுத்திவிட்டுக் குளிக்கப் போய்விட்டார். நான் ஜெயித்த பிறகும் அந்தப் பழக்கம் மாறவில்லை. குழாயில் தண்ணீர் வரவில்லையென்றால் அவர் பின்னாலேயே ரயில் நிலையம் வரைக்கும் போய்ச் சொல்வார்கள். "கவுன்சிலர் சார்" என்று அவருக்குப் பெயரே விழுந்துவிட்டது. ரயிலில் கூட வருகிறவர்கள் அப்படிக் கூப்பிட்டு இடம் போட்டு வைத்தார்கள். சாக்கடை அடைப்புக்கு விழும் வசவு எனக்கு, ஜன்னலோர சீட்டு அவருக்கு.

நகர்மன்றக் கூட்டம் காரசாரமாக இருக்கும் என்று நினைத்துத்தான் முதல் கூட்டத்துக்குப் போனேன். பட்டுப்புடவை வேறு. ஓர் அலுவலர் எழுந்து ஒவ்வொரு பொருளாக வாசித்தார். இன்னாருடைய மாவு மில்லில் புது மோட்டார் வைக்க, இன்னாருடைய மனைப்பிரிவுக்கு அனுமதி கொடுக்க, நகராட்சிக் கடையை இன்னாருக்குக் குத்தகைக்கு விட. ஒவ்வொன்றையும் "மன்றத்தின் பார்வைக்கும் முடிவுக்கும் வைக்கப்படுகிறது" என்று முடித்தார். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மூத்த கவுன்சிலர், எனக்கு ஓட்டு வருவதற்கு முன்பிருந்தே அந்த நாற்காலியில் இருப்பவர், கண்ணைத் திறக்காமல் "ஆல் பாஸ்" என்பார். இரண்டு பேர் மேசையைத் தட்டுவார்கள். அடுத்த பொருள்.

"இவ்ளோ வேகமா போறாங்களே" என்று அவரிடம் மெதுவாகக் கேட்டேன்.

"போண்டா சூடு ஆறிடும்ல" என்றார்.

அப்படி ஆல் பாஸ் ஆகாமல் நான் பார்த்த முதல் பொருள் என் வார்டிலிருந்துதான் வந்தது.

பஸ் போகிற தெருவில் நகராட்சிக்கு ஒரு வரிசைக் கடைகள் உண்டு. அதில் மூலைக்கடை வெகுநாளாகப் பூட்டியே கிடந்தது. ஏலத்தில் அதை எடுத்தவர் எங்கள் பக்கத்துத் தெரு அம்மா. அவருடைய வீட்டுக்காரர் பந்தல்காரர். சாமியானா, நாற்காலி, அண்டா, குண்டா எல்லாம் வாடகைக்கு விடுபவர். அந்த அம்மா சிரிக்காமல் பேசி நான் பார்த்ததில்லை. உருண்டை முகம், நெற்றியில் பெரிய பொட்டு. தெருமுனை திரும்பும்போதே அவர் சிரிப்பு நம் வீட்டுச் சமையலறைக்கு வந்துவிடும். அவர் அந்தக் கடையில் செய்ய நினைத்த வியாபாரம், சாவு வீட்டுக்கு வேண்டிய பொருள் எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும்படி வைப்பது. ஐஸ் பெட்டி, கோடித்துணி, மாலை, பன்னீர், மண்சட்டி, எல்லாம்.

ஏலம் முடிந்தாலும் குத்தகைக்கு மன்றம் ஒப்புதல் தர வேண்டும். அதற்குள் ஓர் ஆட்சேபனை வந்துவிட்டது. மூலைக்கடைக்கு நேர் எதிரே ஊரிலேயே பெரிய கல்யாண மண்டபம் இருக்கிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மண்டபத்துக்காரர் எங்கள் வீட்டுக்கு வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, அதிர்ந்து பேசாத மனிதர். நேராக என் கணவருக்கு எதிரே உட்கார்ந்து ஆரம்பித்தார்.

"சார், நான் யார் பொழப்பையும் கெடுக்கறவன் இல்ல. ஆனா நீங்களே யோசிச்சுப் பாருங்க. பொண்ணும் மாப்ளையும் கார்லேர்ந்து எறங்கறாங்க. ஆரத்தி எடுக்கறாங்க. நிமிந்து பாத்தா எதுக்க ஐஸ் பெட்டி நிக்குது. எப்டி இருக்கும்?"

"கஷ்டமாத்தான் இருக்கும்" என்றார் என் கணவர்.

"நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும் சார்."

"சொல்லலாங்க. ஆனா எனக்கு ஓட்டு இல்ல. அவங்களுக்குத்தான் இருக்குது" என்று என்னைக் காட்டினார்.

மண்டபத்துக்காரர் என் பக்கம் திரும்பினார். காபி கொண்டுவந்தபோது என்னிடம் அவர் சொன்னது "சக்கரை வேணாம்மா" மட்டும்தான். இப்போது முழுக்கதையையும் முதலிலிருந்து சொன்னார். இரண்டாம் முறை இன்னும் நன்றாகச் சொன்னார். ஆரத்தித் தட்டு கை நடுங்கிக் கீழே விழுகிற இடம் புதிதாகச் சேர்ந்திருந்தது.

மறுநாள் மூலைக்கடைக்குப் போனேன். ஒப்புதல் வருவதற்கு முன்பே அந்த அம்மா கடையைக் கழுவிக் கோலம் போட்டிருந்தார். உள்ளே சுவரோரம் புது ஃபிளெக்ஸ் போர்டு சாய்ந்திருந்தது. இறுதிச் சடங்குப் பொருட்கள் என்று பெரிதாக எழுதி, சுற்றிலும் தாமரைப்பூ போட்டு, கீழே "நன்றி, மீண்டும் வருக" என்று இருந்தது.

"இன்னாங்க இது?" என்றேன்.

"அத ஏன் கேக்கறீங்க மேடம். பிரிண்ட் போடற பையன் எல்லாக் கடைக்கும் அத போடுவானாம். அவனே சேத்துட்டான். எனக்கே இப்பதான் உறைச்சுது." சொல்லிவிட்டு சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நானும் பிடித்துக்கொள்ள இடம் தேடினேன்.

பிறகு அவரே நிதானமாகச் சொன்னார். "எங்க மாமனார் போனப்ப, மேடம், மாலைக்கு ஒரு கடை, துணிக்கு ஒரு கடை, பெட்டிக்கு டவுனுக்கு அந்தாண்ட ஆள். எங்க வூட்டுக்காரரு அழக்கூட நேரமில்லாம வண்டில சுத்திக்கினே இருந்தாரு. பேஜாரா பூட்ச்சு. அழறவங்க ஒக்காந்து அழட்டும், மத்தத நாம கொண்டுபோய் எறக்கிடலாம்னுதான் இந்தக் கடை."

"மண்டபத்துக்காரர் வருத்தப்படறாரு."

"அவரு நல்லவரு மேடம். ஆனா அவரு மண்டபத்துல பெரிய முகூர்த்தம்னா சேர் பத்தலன்னு எங்க சேருதான் போவுது. நேத்து சாவு வூட்ல இருந்துச்சுன்னா, இன்னிக்கு கல்யாணத்துல இருக்கும். பின்னாடி வெள்ளப் பூ வரைஞ்சிருக்கும் பாருங்க, அது எங்க சேரு. அவருக்கு அது தெரியாது. மேனேஜர்தான் ஃபோன் பண்ணுவாரு."

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. என் கணவரிடமும் சொல்லவில்லை. ரயிலில் சொன்னால் செங்கல்பட்டு வரைக்கும் போய்விடும்.

கிளம்பும்போது அந்த அம்மா குரலைத் தாழ்த்தினார். "மேடம், கவுன்சிலருங்க எல்லாருக்கும் ஐஸ் பெட்டி ஃப்ரீ. நீங்க மீட்டிங்ல சொல்லிடுங்க."

"தயவுசெஞ்சு யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்றேன். ஆனால் அவர் ஏற்கெனவே பாதிப் பேருக்குச் சொல்லியிருந்தார்.

கூட்டம் வந்தது. பொருள் வாசிக்கப்பட்டது. "மன்றத்தின் பார்வைக்கும் முடிவுக்கும்" என்று அலுவலர் முடித்ததும் எல்லாரும் மூத்தவரைப் பார்த்தோம். அவர் வழக்கம்போல வாயைத் திறந்தார். திறந்த வாய் அப்படியே நின்றது. கண்களும் திறந்துகொண்டன. பிறகு வாயை மூடிக்கொண்டு தண்ணீர் குடித்தார்.

தலைவராக இருக்கும் அம்மையார் கேட்டார்: "யார் முன்மொழியறீங்க?"

எல்லாரும் மின்விசிறியை அண்ணாந்து பார்த்தோம். இந்தக் கடையை நான் வரவேற்கிறேன் என்று சொல்லிவிட்டு, அன்றைக்கே ஏதாவது ஆகிவிட்டால் என்ற யோசனை எல்லார் முகத்திலும் ஓடியது.

"அப்ப நிராகரிச்சுடலாமா?"

அதற்கும் ஒருவரும் கை தூக்கவில்லை. மூத்தவர் என் பக்கம் சாய்ந்து, "வேணாம்னு சொல்லிட்டு, நாளைக்கு நம்ம வூட்ல ஒண்ணுன்னா அந்தம்மா கடையாண்டதான போயி நிக்கணும்?" என்றார்.

பின் வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார். "தலைவர் அவர்களே, கவுன்சிலருங்களுக்கு ஐஸ் பெட்டி ஃப்ரீன்னு அந்தம்மா சொல்லிக்கினு இருக்காங்க. இது லஞ்சமா, இல்லியா? எனக்குத் தெரிஞ்சாவணும்."

அலுவலர் எழுந்து கண்ணாடியைச் சரிசெய்தார். "பொதுவாக, அப்படி ஒரு சலுகையைப் பெற்றுக்கொண்ட உறுப்பினர் யாரென்று தெரிந்தால் அவரிடம் விளக்கம் கேட்கலாம். ஆனால் இந்த விஷயத்தில், பெற்றுக்கொள்கிற அந்த நேரத்தில் உறுப்பினர்..." என்று இழுத்தார். எங்கே போய் முடியும் என்று அவருக்கே புரிந்ததும் உட்கார்ந்துவிட்டார். தலைவர் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். அவர் இருமினார் என்றுதான் பிறகு சொன்னார்கள்.

கடைசியில், மூன்று பேர் நேரில் போய்ப் பார்த்துச் சொல்லட்டும் என்று முடிவானது. வார்டு என்னுடையது என்பதால் நான், அனுபவத்துக்காக மூத்தவர், துணைக்கு ஒரு சுகாதார ஆய்வாளர்.

"முகூர்த்த நாளாப் பாத்துப் போவணும். அப்பதான் உண்மை நெலவரம் தெரியும்" என்றார் மூத்தவர்.

"காலையிலயே போயிடலாமா?"

"பந்தி நேரத்துக்குப் போனா நல்லாத் தெரியும்" என்றார்.

போனோம். மேளச் சத்தம், பன்னீர், நெருக்கியடித்த கூட்டம். வாசலில் மண்டபத்துக்காரர் எங்களை நிறுத்தி எதிர்ப்பக்கம் காட்டினார். மூலைக்கடை மூடித்தான் இருந்தது. ஆனாலும் அவர் காட்டிய விதத்தில் ஷட்டருக்குப் பின்னால் ஒருவர் படுத்திருக்கிறார் போலவே தோன்றியது. ஆய்வாளர் தெருவின் அகலத்தை டேப் வைத்து அளந்தார். ஆரத்தி எடுக்கிற இடத்தில் நின்று மூத்தவர் மாப்பிள்ளையாக ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். "தெரியுது" என்றார் கவலையோடு.

அதற்குள் பெண்ணின் அப்பா ஓடிவந்து மாப்பிள்ளை வீட்டார் என்று நினைத்து எங்களைச் சாப்பிட இழுத்தார். மாப்பிள்ளையின் சித்தப்பா பெண் வீட்டார் என்று நினைத்துப் பந்தியில் எங்களுக்கு இடம் பிடித்துக் கொடுத்தார். நாங்கள் யார் என்று சொல்ல ஆய்வாளர் வாயெடுத்தபோது மூத்தவர் அவர் காலை மிதித்தார்.

பந்தியில் நாற்காலிகள் கலந்து கிடந்தன. சில மண்டபத்தின் சொந்த நாற்காலிகள். சிலவற்றின் முதுகில் வெள்ளைப் பூ. நான் ஒரு வெள்ளைப் பூ நாற்காலியைத் தேர்ந்தெடுத்து, "ஒக்காருங்கண்ணா" என்று மூத்தவருக்கு இழுத்துப் போட்டேன். சத்தியமாக அதற்குமேல் நான் ஒன்றும் செய்யவில்லை.

அவர் உட்கார்ந்து சாம்பார் சாதத்தை முடித்தார். ரசத்துக்குக் காத்திருக்கும்போது நாற்காலியின் கையைத் தடவினார். கொசுவத்தி வைத்துச் சுட்ட மாதிரி ஒரு கறுப்பு வளையம் அதில் இருந்தது.

"இத எங்கியோ பாத்திருக்கேனே" என்றார்.

"எங்கனா விசேஷத்துல பாத்திருப்பீங்க" என்று சொல்லிவிட்டு அப்பளத்தை நொறுக்கினேன்.

"விசேஷத்துல இல்லம்மா..." அவர் யோசித்தார். பாயசம் வந்தது. டம்ளரை வாயருகே கொண்டுபோனவர் அப்படியே நிறுத்தினார். "எங்க சகலையோட அப்பா செத்தாரே, அங்க. காலையிலேர்ந்து இதுலதான் ஒக்காந்திருந்தேன். பாடிய எடுக்கற வரைக்கும் இந்த வளையத்தயே பாத்துக்கினு இருந்தேன். அதே சேரு."

அவர் குரல் எப்போதுமே மைக் வேண்டாத குரல். இரண்டு இலை தள்ளி உட்கார்ந்திருந்த ஒரு பெரியம்மா தன் நாற்காலியை விட்டு எழுந்து, முதுகுப் பக்கம் பார்த்தார். அங்கேயும் பூ.

மண்டபத்துக்காரர் எப்படித்தான் அந்தக் கூட்டத்தில் அவ்வளவு ஜல்தியாக வந்தாரோ. மூத்தவரின் தோளைப் பிடித்து, "அண்ணே, மெதுவா. என்னா சேரு?" என்றார். நான் விளக்கினேன். அவர் மேனேஜரைக் கூப்பிட்டார். மேனேஜர், "ஆமாங்க சார், முந்நூறுக்கு மேல கூட்டம் வந்தா பந்தல்காரராண்டதான் எடுக்கறோம். சாமியானாவும் அவுங்களுதுதான். அந்தப் பெரிய அண்டா கூட" என்று பாயசம் இருந்த பக்கம் கையைக் காட்டினார்.

மூத்தவர் டம்ளரைப் பார்த்தார். எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். அவர் கண்ணை மூடிக்கொண்டு குடித்துவிட்டார். "நல்லாத்தான் இருக்குது" என்றார்.

மண்டபத்துக்காரர் எங்களை அலுவலக அறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார். முகம் வேர்த்திருந்தது. அவரைப் பார்க்க எனக்குக் கொஞ்சம் பாவமாகவும் இருந்தது. "இது வெளிய போச்சுன்னா என் மண்டபத்துல எவன் கல்யாணம் வைப்பான்?" என்றார். "இத்தினி வருஷமா எத்தினி ஜோடி..."

"எல்லாரும் நல்லாத்தானே இருக்கறாங்க?" என்றேன்.

அவர் யோசித்தார். "நல்லாத்தான் இருக்கறாங்க. ரெண்டு மூணு பேரு புள்ளைங்க பேரு வைக்கறதுக்குக் கூட இங்கதான் வந்தாங்க."

அந்த அம்மாவையும் அங்கேயே வரவழைத்தோம். மூலைக்கடைக்கு இரண்டு ஷட்டர். ஒன்று மண்டபத்தைப் பார்த்தது, ஒன்று பக்கத்துச் சந்தைப் பார்த்தது. முகூர்த்த நாட்களில் சந்துப் பக்கத்து ஷட்டரை மட்டும் திறப்பது என்று பேசி முடித்தோம். ஆடி, மார்கழியில் இரண்டையும் திறந்துகொள்ளலாம். மண்டபத்துக்குப் போகிற நாற்காலிகளைத் தனியாகப் பிரித்து வைப்பது. அதற்கு வெள்ளைப் பூவுக்குப் பதில் சிவப்புப் பூ.

"போர்டும் மாத்தணும். அந்தப் பேரு கண்ல படவே கூடாது. மங்களகரமா ஏதாவது வைங்க" என்றார் மண்டபத்துக்காரர்.

அந்த அம்மா விரலைத் தாடையில் வைத்து யோசித்தார். "இனிய பயணம்னு வச்சுடட்டுங்களா சார்?"

எல்லாருக்கும் பிடித்திருந்தது. மண்டபத்துக்காரர் அந்த அம்மாவுக்கும் ஒரு தாம்பூலப் பை கொடுத்தார்.

அடுத்த கூட்டத்தில் ஆய்வு முடிவு வாசிக்கப்பட்டது. நாற்காலி விஷயம் அதில் இல்லை. "மக்கள் நலன் கருதி" என்று மட்டும் இருந்தது. மறுபடி, யார் முன்மொழிவது என்று தலைவர் கேட்டார். மறுபடி எல்லாரும் மின்விசிறியைப் பார்த்தோம். சரி, ஆனது ஆகட்டும் என்று நான் எழுந்து முன்மொழிந்தேன். மூத்தவர் இரண்டு கைகளாலும் மேசையைத் தட்டினார். ஆனால் வாயைத் திறக்கவில்லை.

வீட்டில் என் கணவர், "உனக்கு ஒண்ணும் இல்லியே? தலை கிலை சுத்துதா?" என்று இரண்டு நாள் கேட்டுக்கொண்டிருந்தார். ரயிலில் விஷயம் பரவியிருந்தது. ஐஸ் பெட்டிக் கடையைப் பாஸ் பண்ணின ஆள் என்று அவரைப் பார்த்ததும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் நகர்ந்துகொண்டார்களாம். ஜன்னலோர சீட்டோடு பக்கத்து சீட்டும் காலியாகக் கிடைத்ததில் அவர் படுத்தே வந்தார்.

கடை திறந்தது. இனிய பயணம் என்ற போர்டு, தாமரைப்பூவோடு, தூரத்திலிருந்து பார்த்தாலே பளிச்சென்று தெரியும். அதனால் நாங்கள் யாரும் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. பஸ் போகிற தெரு அது. அமாவாசையன்று மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குப் போகிற கூட்டம் கைக்குழந்தைகளோடு கடை முன்னால் வந்து நின்றது. "மலையனூரு ஸ்பெஷல் எத்தினி மணிக்குங்க?" என்று கேட்டார்கள். பெங்களூருக்குப் போகிற ஓர் இளைஞன் தோளில் பையோடு வந்து, "ஏசி இருக்குமா?" என்று கேட்டிருக்கிறான்.

"ஏசி இருக்குதுப்பா. பஸ்தான் இல்ல" என்றாராம் அந்த அம்மா. அவன் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, வந்த வழியே ஓடினானாம். இதை என்னிடம் சொல்லும்போது அவர் சிரிப்பில் கோடித்துணிக் கட்டு சரிந்து விழுந்தது.

தினமும் இப்படி ஆட்கள் வரவே, அவர் சும்மா இருக்கவில்லை. பஸ் கம்பெனிகளிடம் பேசி, டிக்கெட் போட்டுக் கொடுக்கும் ஏஜென்சி வாங்கிவிட்டார். ஒரே கடையில் கூடுதலாக இன்னொரு தொழில் செய்ய அனுமதி வேண்டும் என்று மறுபடியும் விண்ணப்பம் மன்றத்துக்கு வந்தது. அலுவலர் வாசித்து முடிக்கவில்லை. மூத்தவர் நாற்காலியிலிருந்து எழுந்தே நின்றுவிட்டார். "நான் முன்மொழியறேன். ஊருக்கு ரொம்பத் தேவையான தொழில்" என்றார். அவ்வளவு நீளமாக அவர் மன்றத்தில் பேசி யாரும் கேட்டதில்லை.

இப்போது கடையில் இரண்டு மேசைகள். சந்துப் பக்கம் சாவுச் சாமானுக்கு ஒன்று, மண்டபத்தைப் பார்த்து டிக்கெட்டுக்கு ஒன்று. முன்பக்க ஷட்டர் இப்போது முகூர்த்த நாளிலும் திறந்தே இருக்கிறது. மண்டபத்துக்கு வெளியூரிலிருந்து வருகிறவர்கள் திரும்பிப் போக டிக்கெட் எடுப்பதே அங்கேதான். மண்டபத்துக்காரர் தானே எதிர்க்கடையைக் காட்டி அனுப்புகிறார். முன்பக்க மேசை என்று அழுத்திச் சொல்லி அனுப்புகிறார்.

போன மாதம் கோயம்புத்தூரில் படிக்கிற மகளைப் பார்க்க நானும் டிக்கெட் எடுக்கப் போனேன். அந்த அம்மா கம்ப்யூட்டரில் என் பெயரை ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினார். நிமிர்ந்து பார்க்காமலே, எல்லாரிடமும் கேட்கிற மாதிரிதான் கேட்டார்.

"போவறதுக்கு மட்டுமா மேடம், திரும்பி வர்றதுக்கும் சேத்தா?"

"ரெண்டும் சேத்து" என்றேன். அவர் அழுத்திவிட்டாரா என்று திரையை எட்டிப் பார்த்துவிட்டு, இன்னொரு தடவையும் சொன்னேன்.